நைரோபிக்குப் போன தெய்வாத்தாள்

திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் கிட்டுசாமியின் மனைவி தெய்வாத்தாளுக்கு வெளிநாடு என்றால் அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற முகவரி, அவ்வளவுதான். பேக்கிங் செக்‌ஷனைக் கட்டி மேய்க்கிறவள் அவள்தான். குன்னத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பழனியைத் தாண்டிப் போனதில்லை. அப்படிப்பட்டவள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் போறனுங்க" என்றாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

கென்யாவில் ஏழைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மெத்தை, தலையணை, போர்வை, கொசுவலை கொடுக்கிற வேலை அது. போகிறவர்கள் சொந்தச் செலவில் போக வேண்டும். கிட்டுசாமி தாம்தூம் என்று குதிப்பார் என எல்லாரும் நினைத்தார்கள். அவரோ மீசையைத் தடவிக்கொண்டு, "போய்ட்டு வரட்டுமுங்க, புண்ணியந்தானே" என்றுவிட்டார்.

புண்ணியமாவது ஒன்றாவது! நைரோபியில் மகள் சுபஸ்ரீ இருக்கிறாள். இவர்கள் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டராக இருந்த முனீஸை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டு போனவள். அவன் சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பையன். இப்போது அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. "அவ பேச்சு இந்த ஊட்டுல வரக்கூடாது" என்று கிட்டுசாமி அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான். மனுசன் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கத் தெரியாதவர். நம் பக்கம் அப்படி வீட்டுக்கு ஒருத்தர் உண்டு, அவரைச் சொல்லி என்ன செய்ய.

ஆறேழு வருடமாக மொட்டைமாடியில் ஒளிந்து ஒளிந்து ஃபோனில் பேசிய தாய் தெய்வாத்தாள். மகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவள் குடித்தனம் நடத்துகிற வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அந்த ஆசை அவளைத் தூங்க விட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, மகளுக்குப் பிடித்த வெல்லப் பலகாரமான கச்சாயம் சுட்டு டப்பாவில் அடைத்தாள். கிட்டுசாமி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் வெல்லம் போடு" என்றார். சர்க்கரை நோயாளிக்கு என்ன இந்த அக்கறை என்று அவள் யோசிக்கவில்லை.

நைரோபியில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரு சின்னப்பெண் மெத்தையை வாங்கியதும் அங்கேயே விரித்துப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் குனிந்து அவள் பாதத்தை மூடிவிட்டாள். சுபஸ்ரீக்கும் இப்படித்தான், விடிவதற்குள் கால் வெளியே வந்துவிடும்.

ஃபோனில் சொல்லி வைத்திருந்தபடி மதியம் சுபஸ்ரீ அங்கே வந்தாள். இருவரும் மரத்தடியில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கச்சாயத்தை அழுதுகொண்டே தின்றாள் மகள்.

"போலாமா கண்ணு உங்கூட்டுக்கு? சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலையில்லை."

"அப்பா சொல்லித் தாட்டியுட்டாங்களாம்மா? அவரே அனுப்பி வெச்சாரா?"

"அவருக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு."

"அப்ப வேண்டாம்மா" என்றாள் சுபஸ்ரீ. "தர்மம் பண்ண வந்த சாக்குல எங்கூட்டுக்கு வராதீங்க. மக ஊட்டுக்குப் போறேன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. அன்னைக்கு உங்க மாப்பிள்ளை லீவு போட்டுட்டு ஏர்போர்ட்டுக்கே வருவாரு."

பெற்றவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் பெண் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பன் பிடிவாதம் அச்சு அசலாக இறங்கியிருந்தது. இவ்வளவு தூரம் வந்து வாசலைக்கூடப் பார்க்காமல் விமானம் ஏறினாள்.

திருப்பூரில் சங்கத்துக்காரர்கள் சால்வை போட்டார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் கிட்டுசாமி ரசத்தைப் பிசைந்துகொண்டே, "கச்சாயம் எல்லாருக்கும் பத்துச்சா?" என்று கேட்டார்.

"பத்துச்சுங்க."

அப்புறம் தட்டைப் பார்த்தபடியே, "ஊடு சௌரியமா இருக்குதா?" என்றார்.

தெய்வாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். யார் வீடு என்று அவள் கேட்கவில்லை.

"பாக்கலீங்க. நீங்க சொல்லித் தாட்டியுட்டாத்தான் உள்ள வரோணுமாமா."

கிட்டுசாமி நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"அதுக்குத்தானே புள்ள உன்னையத் தாட்டியுட்டேன்."

"அந்த ஒரு வார்த்தைய நான் பொறப்படறப்பச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள் தெய்வாத்தாள்.