கூலரில் இடமில்லாத வட்டிலப்பம்

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் ஸுலைஹாவின் வீடு ஸுலைஹாவின் பேரில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, ஆணுக்குக் கிடைப்பது அந்த வீட்டில் உட்கார ஒரு கதிரை. வாப்பா கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு தம்பி நளீர் கட்டாரில் ஒன்பது வருசம் வெயிலில் வெந்து திரும்பக் கட்டிக் கொடுத்தான். அதற்காக முன் அறையை அவனுக்குச் சில்லறைக் கடை போட விட்டாள். வாடகை என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வந்ததில்லை.

புருசன் பக்கீர் முகைதீன் மௌத்தான பிறகு வட்டிலப்பம்தான் அவளுக்குச் சோறு. விடியச் சுபஹு தொழுத கையோடு தேங்காய் துருவி, முட்டை அடித்து, கித்துள் சக்கரை கரைத்து நாற்பது கப் அவிப்பாள். நளீர் கடையின் பழைய பிரிஜ்ஜில் அது குளிரும். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னம் விற்று முடியும். சீனி வருத்தக்கார ஹாஜியார் ஒருவர் நின்ற நிலையில் இரண்டு கப் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவார். பெயர் வேண்டாம், பெண்சாதிக்குத் தெரிந்தால் மனிசன் பாடு கஷ்டம்.

போன வருசம் அந்தப் பிரிஜ் செத்தது. அடுத்த கிழமையே சோடா, புடிங் விற்கிற அமெரிக்கக் கம்பனி ஒன்றின் ஆள் ஜெப்றி வந்து நின்றான். கல்முனைக்காரன், நாக்கில் தேன். ஆள் உயரக் கண்ணாடிக் கூலர், உள்ளே விளக்கு, சதக் காசு இல்லை. கடதாசி ஒன்றில் வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பம் மட்டும் வேண்டுமாம். ஸுலைஹா மூக்குக் கண்ணாடியைத் தேடப் பஞ்சிப்பட்டு, வாசிக்காமலே காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தாள். தன் வட்டிலப்பத்துக்கு மாளிகை வந்துவிட்டதென்று அன்று அயலுக்கு ஆறு கப் சும்மாவும் கொடுத்தாள்.

அடுத்த கிழமை ஜெப்றி கூலரைப் படமெடுக்க வந்தான். போனைத் தூக்கியவன், உள்ளே வட்டிலப்பக் கப்புகளைக் கண்டு கையை இறக்கினான்.

“அக்கா, குறை நினைக்காதீங்க. இதுக்குள்ள எங்கட சாமான் மட்டுந்தான் வைக்கலாம். கடைக்குள்ளயும் வேற ஆக்கள்ற புடிங் விக்கக் கூடா. எக்ரிமென்ட்ல இரிக்கி.”

“இது என்ட வீடு தம்பி.”

“வீடு உங்கட. கூலர் எங்கட.”

“கரண்டுக் காசு?”

“அது நளீர் காக்காட.”

ஜெப்றியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நளீர் கப்புகளை உருளைக்கிழங்கு மூட்டைக்குள் ஒளிப்பான். இரண்டு தரம் வெக்கையில் புளித்துப் போனது. மூன்றாம் மாதம் கம்பனியே வட்டிலப்பப் புடிங் என்று ஒன்றை இறக்கியது, பாதி விலைக்கு. ஸுலைஹா ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

“வட்டிலப்பம் நடந்து போன பாதையில மண்ணள்ளிச் செஞ்சிரிக்கானுகள்,” என்றாள். ஆனாலும் பிள்ளைகள் அதைத்தான் கேட்டன. அதில்தான் வெளிச்சம் விழுந்தது.

தன் கப்புகளை வைக்கப் பக்கத்துக் கடைகளிலும் இடம் கேட்டுப் பார்த்தாள். ஐந்து கடை, ஐந்திலும் அதே கூலர்.

அவள் மருமகன் இன்ஸாப் போனில் உலகத்தை வாசிக்கிறவன்.

“மாமி, அமெரிக்காவில இதுக்குச் சட்டமிரிக்காம். பெரிய கம்பனி சின்ன ஆக்கள்ற வழிய அடைச்சா கோட்டுக்கு இழுப்பானுகளாம்.”

“அங்க அடிக்கிறானுகள் எண்டுதான் இஞ்ச வந்து விளையாடுறானுகளாக்கும்.”

இருந்தாலும் இன்ஸாப் அவள் பேரில் மனு எழுதினான். நான்கு மாதம் கழித்து கடைகளில் விலை பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஐயா ஒருவர் வந்தார். கூலரைச் சுற்றிப் பார்த்து, கடதாசியை வாங்கிப் படித்தார்.

“இதில ஒப்பம் வச்சது ஆரம்மா?”

“நான்தான்.”

“அப்ப நீங்களே சம்மதிச்சிட்டு, என்னத்துக்கு எனக்கு எழுதினீங்க?”

போகத் திரும்பியவர் மூட்டைப் பக்கம் இருந்த கப்பைக் கண்டார்.

“இதில லேபல் எங்க? முடிவுத் திகதி எங்க?”

“காலையில அவிச்சத பின்னேரத்துக்குள்ள திண்டு முடிக்கிறாங்க ஐயா. அதுக்கு என்ன திகதி?”

ஐயா சிரிக்கவில்லை. லேபல் இல்லாமல் கடையில் வைத்தால் வழக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை மாதத்தில் அந்தக் கடையில் சட்டம் ஒரே ஒரு சாமானைத்தான் பிடித்தது.

நளீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“ராத்தா, வீடு உங்கட. ஒரு சொல் செல்லுங்க, கூலரத் தூக்கச் செல்றன்.”

அவள் தம்பியின் கையைப் பார்த்தாள். கட்டார் வெயில் கறுப்பாக்கிய கை; இன்னும் நிறம் திரும்பவில்லை. கூலர் போனால் இந்த வெக்கையில் இவனிடம் சுடு சோடா வாங்க யார் வருவார்?

“கெடக்கட்டும்டா. என்ட ஒப்பந்தானே.”

இப்போது அவள் குசினிப் பக்கப் பின்வாசலில் பலகை போட்டு விற்கிறாள். பின்னாலுள்ள அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஆள் வருவது குறைவு. நாற்பது, இருபதானது. ஹாஜியார் மட்டும் தவறுவதில்லை. பின்வாசல் அவருக்கு இன்னும் வசதி.

போன வியாழன் ஜெப்றி முன்னால் கூலரைப் படமெடுத்து முடித்துப் பின்னால் வந்தான்.

“அக்கா, ஒண்டு தாங்க.”

“குளிரில்ல தம்பி.”

“பரவால்ல.”

வெயிலில் நின்று கப்பை வழித்துத் தின்றான். ஸுலைஹா முழங்காலைத் தடவிக்கொண்டு பார்த்திருந்தாள்.

“பின்வாசலுக்கும் கடதாசி இரிக்கா?”

“இன்னும் இல்லக்கா.”

அவள் கரண்டியை வாங்கிக் கழுவினாள். பலகையில் இன்னும் பதினொன்று மிச்சமிருந்தது. அசருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது.