காதைப் பார்க்கச் சொன்னார்கள்

"படிச்சு என்னத்தடி கிழிச்ச? அப்பன் கண்ணைக் கொண்டாந்துருவியா?" என்று அத்தை ஒருநாள் கேட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான்.

வயதாகி, அப்பாவின் விழித்திரை நடுவில் கெட்டுவிட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் மறைகிறது. போனது திரும்பாதாம். ஓரப்பார்வை மட்டும் மிச்சம். தஞ்சாவூரில் பார்வைப் பயிற்சி தரும் பெண், "மக முகம் தெரியணும்னா அவங்க காதைப் பாருங்கய்யா, முகம் ஓரப்பார்வைல விழும்" என்றார்.

அப்பா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மோவாயைப் பிடித்து நேராகவே உற்றுப் பார்த்தார். வழியில் நாற்றங்காலைத் தடவிவிட்டு வந்த விரல்களில் சேற்று வாசம்.

அதே வாசத்தோடு அவர் என் மோவாயை நிமிர்த்தியபோது எனக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்க்கப் போகும் வழியில், வரப்பில் நின்ற மிராசுதார், "பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குய்யா?" என்றார். நான் அவர் செருப்பையே பார்த்தேன்.

"மூஞ்சியப் பாத்து உம் பேரச் சொல்லு பாப்பா. ஓரமாப் பாக்குறவன் களவாணி" என்றார் அப்பா.

நிமிர்ந்து சொன்னேன். அன்றிலிருந்து எவரையும் நேராகத்தான் பார்க்கிறேன்.

இப்போது கேட்கிறார்: "பெத்த புள்ளையக் களவாணி மாதிரி ஓரமாப் பாக்கவா?"

அவர் உற்றுப் பார்க்கப் பார்க்க நான் மறைகிறேன். என்ன சொல்லியும் அவர் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

கல்லூரியில் சேர்ந்தபோது, பட்டிக்காட்டுத்தனம் என்று நான் கழற்றி வைத்த ஜிமிக்கி பெட்டியில் இருந்தது. அசைந்தால் சத்தம் போடும். இன்று காலை அதை இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.