பைபிளின் முதல் தாள்

அந்தத் தாளைக் கிழித்தவள் நான்தான். கரையான் இல்லை!

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எங்கள் சபையில் பழக்கமான கிரேஸ் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். கெட்டிக்காரி, மீன்குழம்புதான் வைக்க வராது... சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பழைய பைபிளின் முதல் தாள் முழுக்கக் கையெழுத்து. என் கணவரின் பாட்டி ஞானம்மாள் எழுதியது. அந்தக் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் பெண். பிறந்த பிள்ளை, இறந்த பிள்ளை எல்லோரையும் அவளே குறித்து வைத்தாளாம்.

அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டும்போது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் கசிந்தது. கைக்கு வேறு காகிதம் அகப்படவில்லை. அச்சடித்ததுதானே வேதம், கையால் எழுதியது வேதமில்லையே... கிழித்துச் சுற்றினேன். யாருடைய எழுத்தென்று தெரியாதா எனக்கு? தெரியும்! மில்பிடாஸில் மகன் வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் ஊறிய தாளைக் குப்பையில் போட்டேன். ஊறுகாய் மட்டும் பத்திரம்.

மறுவருஷம் பேத்தி ஷீலாவுக்கு ஸ்கூலில் ஃபேமிலி ட்ரீ வரையச் சொன்னார்கள். மகன் ஊர்க்கோயிலுக்குக் கடிதம் போட்டான். பதிவேட்டில் ஞானம்மாளின் ஞானஸ்நானமும் கல்யாணமும் இருக்கின்றன, பிள்ளைகளின் பக்கங்கள் செல்லரித்துவிட்டன என்று பதில் வந்தது. மகன் நான் கொண்டுவந்திருந்த பைபிளைத் திறந்தான்.

"அம்மா, முன்னாடி இருந்த பேப்பர் எங்கம்மா?"

"கரையான் தின்னுட்டுதுப்பா."

"அந்த ஒரு தாள மட்டுமா? நல்ல டேஸ்ட்டுதான் அதுக்கு!" என்று சிரித்தான். நம்பிவிட்டான்!

ஷீலாவின் முகம் வாடிவிட்டது. இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்.

"செத்துப்போன பாப்பாங்க பேரு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறாம்மா" என்றான் மகன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே... சொன்னேனா?

"தெரியாமயா? அன்னம்மா, சாமுவேலு, சின்ன ரூத்து! ரூத்து அம்மை போட்டுப் போயிட்டா, பாவம்."

எல்லாம் வாய்க்கு வந்த பெயர்கள்! பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா உங்களுக்கு? எழுத்தறியாத நான் சொல்ல, ஒருத்தி நோட்டில் எழுதிக்கொள்கிறாள்!

மகன் பைபிளில் புதுத்தாள் ஒட்டி, அந்தப் பெயர்களைப் பேனாவால் எழுதிவிட்டான். இனி அதுதான் அத்தாட்சி. பத்துமாதம் சுமந்தவள் தன் பிள்ளைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ... அது தெரிந்தவர் இனி ஒருவருமில்லை. அவள் எழுதி வைத்திருந்தாள். நான் அழித்துவிட்டேன்.

கிரேஸ் பேனாவைக் கீழே வைக்கிறாள். "ஆன்ட்டி, ஷீலாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

எப்படிச் சொல்வேன்? இன்று காலை ஷீலா தன் பொம்மைக்கு ரூத்து என்று பெயர் வைத்திருக்கிறாள்.