நளினி காட்டிய பார்சிலோனா

குவேக்கர்ஸ் ஹில்லில் என் தோழி நளினி வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோயிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் தன் பார்சிலோனா படங்களை டிவியில் ஓட்டினாள். அலைபோல் நெளியும் பால்கனிகள், துறைமுகம், இறால் பரப்பிய மஞ்சள் சோறு. எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் லீவு கிடைக்காமல் நான் கைவிட்ட ஊர் அது.

"இதெல்லாம் யூடியூப்லயே பார்த்துட்டேன்" என்றேன். நளினியின் முகம் வாடிவிட்டது.

கணவாய்க் கறியோடு வந்திருந்த சிவா அண்ணன் சிரித்தார். "ஓம் தங்கச்சி, நானும் பார்த்தனான். ஆனா எங்கட நளினி அதுக்கு முன்னால நிக்கேக்க, நானே போய்வந்த மாதிரி இருக்கு. பிள்ளை, அந்தச் சோத்துக்க கணவாயும் போட்டவையோ?"

கதிரையை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நளினி மறுபடி உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அவர் இலங்கையிலிருந்து படகில் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக விசாதான். நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. நானோ நினைத்தால் அடுத்த மாதமே போகலாம்.

நளினி மேலிருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பொறாமை ஒன்று இன்றுவரை இருக்கிறது. அது சிவா அண்ணன் மேல்.