ஹியூஸ்டனில் குளிர் விற்றவன்

கடைத்தட்டில் இருந்த ரொட்டிப் பாணைக் கையில் தூக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து, விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறான் லூர்து. பூசணிக்காய் வாங்குகிறவன்கூட இவ்வளவு சந்தேகப்பட மாட்டான். "அக்கா, இதுக்குள்ள கல்லு வச்சோ சுடுறவை?" என்று காசுமேசையில் இருக்கும் என்னைக் கேட்கிறான். ஒஸ்லோவின் ரொம்மனில் நான் வேலை செய்யும் இந்தப் பலசரக்குக் கடையின் கடைசி மூலை வரைக்கும் கேட்கிற குரல். தமிழ் தெரியாத நொர்வேஜியக் கிழவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறகு அதே பாணைத்தான் வாங்கிக்கொண்டு போகிறான்.

லூர்து அமெரிக்கத் தமிழன். தாய்தகப்பன் குருநகரில் இருந்து புறப்பட்டு ஹியூஸ்டனில் கரை ஒதுங்கியவர்கள். இவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் கதைத்த யாழ்ப்பாணத் தமிழ் இன்னும் பழுதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சுஜானியைக் கட்டி, சில வருடம் அவளை அங்கே வைத்திருந்து, மகள் ஹம்சத்வனி பிறந்தபிறகு போன கோடையில் ஒஸ்லோ வந்தவன். சுஜானியை நான் பல்லு விழுந்த வயதில் இருந்து அறிவேன். தகப்பனும் தாயும் போனபின் அந்த வீடு அவளுடையது. அவள் மறுபடி பக்கத்தில் வந்ததில் எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோசம்.

ஆனால் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்பது. லூர்துவுக்கு ஒத்துவராவிட்டால் மறுபேச்சில்லாமல் மூன்று பேரும் ஹியூஸ்டன் திரும்புவது. "என்ர முதலாளி ஈஸ்டர் வரைக்கும் இடத்தை வச்சிருக்கிறார் அக்கா," என்று அவன் சொல்லும்போதெல்லாம் சுஜானி வேறு பக்கம் பார்ப்பாள்.

அங்கே அவன் வீடுகளுக்குக் குளிரூட்டி பூட்டியவன். இங்கே வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பி பூட்டுகிறான். "மெஷின் ஒண்டுதான். அங்கை குளிரை வித்தனான், இஞ்சை சூட்டை விக்கிறன்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பான். தன் வீட்டில் எப்போதும் இருபத்தாறு பாகை. சுஜானி படுக்கையறை யன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிற நாட்டில் வளர்ந்தவள். அவள் திறப்பாள், அவன் பூட்டுவான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு யன்னல் சத்தத்திலேயே சண்டை விளங்கும்.

வந்த நாள் முதலாக அவனுக்கு அதிர்ச்சிதான். ஞாயிறென்றால் இங்கே கடையெல்லாம் பூட்டு என்று தெரியாமல், முதல் ஞாயிற்றுக்கிழமை கடைவாசலில் நின்று எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, கடையில ஆரும் செத்துப்போச்சினமோ?" பற்பசைக் குழாய்போல இருந்ததில் இருந்து மீன்முட்டை பிதுங்கி வந்ததைக் கண்டு அலறினான். கூட வேலை செய்கிற நொர்வேஜியன் பதினொரு மணிக்கு வேலைக்குப் போகும் வானுக்குள் இருந்து, வீட்டில் தாள் சுற்றி எடுத்துவந்த இரண்டு துண்டுப் பாணை விரித்து, மேலே மெல்லிய பழுப்புச் சீஸ் ஒன்றை ஒட்டிச் சாப்பிடுவதை அவனால் இன்றுவரை சகிக்க முடியவில்லை. "ஆறடி மனுசன் அக்கா! ஒரு கறி இல்லை, ஒரு சூடு இல்லை. பாக்க எனக்கு அழுகை வருது."

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி வெள்ளிக்கிழமை டாக்கோ. இந்த நாடே வெள்ளி மாலை டாக்கோ சாப்பிடும் என்று கேட்டுக் குளிர்ந்துபோய், வேலைத்தோழன் வீட்டு விருந்துக்குப் போனான். டெக்சாஸ்காரன் அல்லவா, சோள ரொட்டிக்குள் இறைச்சியை மடித்துத் தின்னும் டாக்கோ அவனுக்குச் சோறு மாதிரி. மறுநாள் முகம் செத்துப்போய்க் கடைக்கு வந்தான். "வெள்ளரிக்காய் போடுறாங்கள் அக்கா," என்றான். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் சிரித்துக் கழித்த கதைகள். ஜனவரியில் நடந்தது அப்படியல்ல.

அந்த மாதம்தான் ஹம்சத்வனிக்குப் பார்ணஹாகேயில் இடம் கிடைத்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். முதல் நாட்களில் சுஜானியே கூட இருந்து பழக்கிவிட்டாள். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லாமல் விட்டாள். ஒருநாள் அவனுக்கு வேலை நேரத்தோடு முடிந்தது. மகளைப் பார்க்க ஆசைப்பட்டு மதியமே போய்விட்டான். முற்றத்தில், தாழ்வாரத்துக்குக் கீழே, தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. வெளியே உறைநிலைக்குக் கீழே ஏழு. வெறும் வண்டிகள் என்று நினைத்துக் கடந்தவன், ஒன்றுக்குள்ளிருந்து மெல்லிய ஆவி எழும்புவதைக் கண்டான். எட்டிப் பார்த்தால் அது தன் பிள்ளையின் மூச்சு.

அள்ளித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறான். அங்கே வேலை செய்யும் பெண்கள், பகல் நித்திரை இங்கே எப்போதும் வெளியில்தானே, நித்திரையில் இருந்த பிள்ளையை ஏன் எழுப்பினாய் என்று இவனைக் கோபித்தார்களாம். மனுசன் பொலிசுக்கே தொலைபேசி எடுத்துவிட்டான்.

பிள்ளையை ஜக்கெற்றுக்குள் வைத்துச் சிப்பை இழுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தான். "சின்னக் குழந்தையளைப் பனிக்குள்ள போட்டிருக்கினம் எண்டு சொல்லுறன். அந்தப் பொலிஸ்காரி கேக்கிறாள் அக்கா, உள்ளுக்குக் கம்பளி போட்டிருக்கோ எண்டு! கம்பளியோ! ஓமெண்டா ஒரு பிரச்சினையும் இல்லையாம், பிடரி சூடா இருந்தாப் போதுமாம், நல்ல நித்திரை வருமாம்!" பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். "போதும். ஈஸ்டருக்கு முதல் நாங்கள் இஞ்சை இல்லை."

அன்று மாலை சுஜானி என் குசினியில் அடுப்படிப் பக்கமாக வந்து இருந்தாள். "நானும் அப்பிடி வெளியில படுத்து வளந்தனான்தானே அக்கா. சொன்னா விடமாட்டார் எண்டுதான் சொல்லேல்லை." அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. விலகுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். "திங்கக்கிழமை சொல்லோணும். அவருக்குச் சொல் குடுத்தனான், போகத்தான் வேணும்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லூர்து லீவு போட்டுவிட்டு மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். சூடு இருபத்தேழுக்கு ஏறியது. பிள்ளையோ பகலில் கண் மூட மறுத்தது. தோளில் போட்டான், பாட்டுப் பாடினான், காற்றாடியைச் சுழலவிட்டு அந்த இரைச்சலில் படுக்க வைத்தான். சுவரைத் தாண்டி வந்த அழுகையில் நான் தேத்தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுஜானிக்கு வேலை. பொறுக்க முடியாமல் நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவனின் கண் இரண்டும் கொவ்வைப்பழம். பிள்ளை அவன் தோளில் முகத்தை உரசி உரசி அழுதது. அதன் கை பல்கனிக் கதவுப் பக்கம் நீண்டிருந்தது. நானும் அந்தக் கதவைப் பார்த்தேன்.

"நான் ஊரான்ர வீட்டையெல்லாம் சூடாக்கிறவன் அக்கா. என்ர பிள்ளையைக் குளிருக்குள்ள தள்ளச் சொல்லுறியளோ?"

அவனாகத்தான் அலமாரியைத் திறந்தான். கம்பளிச் சட்டை, கம்பளிக் காற்சட்டை, கம்பளித் தொப்பி. பெரிய விரல்களுக்குச் சின்னப் பொத்தான்கள் அகப்படவில்லை; ஆங்கிலத்தில் யாரையோ திட்டினான். பிள்ளையை வண்டியில் படுக்க வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, பல்கனிக்குத் தள்ளினான். தானும் வெளியே போய்க் கதவைச் சாத்துவதற்குள் அழுகை நின்றது. அவன் திரும்பிப் பார்த்தபோது கண்ணும் மூடியிருந்தது.

நிம்மதி வந்தவன்போல இல்லை அவன். ஏமாற்றப்பட்டவன்போல வாயைத் திறந்தபடி நின்றான். உள்ளே வா என்று நான் சைகை காட்டினேன். வரவில்லை. வீட்டுச் சட்டையோடு, வண்டியின் பிடியைப் பிடித்தபடி, உறைநிலைக்குக் கீழே ஆறில் அங்கேயே நின்றான்.

சுஜானி வேலை முடிந்து வந்தாள். கட்டிலில் பிள்ளை இல்லை. என்னைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். சப்பாத்தையும் கழற்றாமல் போய்ப் பல்கனிக் கதவை நீக்கினாள். "லூர்து, நாளைக்கு ஆஸ்பத்திரியில நான் சொல்லோணும். என்ன சொல்ல?"

அவன் திரும்பாமலே ஒரு விரலை உதட்டில் வைத்தான். பிறகு அந்தக் கைக்குள் வாயால் ஊதி, தன் சட்டைக் கொலருக்குள் விட்டு, சொந்தக் கழுத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தான். விரல் சூடானதும் குனிந்து, போர்வைக்குள் மெல்ல விட்டு, மகளின் பிடரியைத் தொட்டுப் பார்த்தான்.