ஜாபர் பாயின் இடது கட்டைவிரல்

போன வாரம் மந்தாரக்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தோம். நானும் ஜாபர் பாயும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் இல்லை. துணி காயப்போட வந்த எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். என்ன நினைத்தாரோ...

ஜாபர் பாய் என் தூண்டில் கூட்டாளி. கீழே எலக்ட்ரிக்கல் கடை, மேலே வீடு, அதற்கும் மேலே அந்த மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். இரண்டு பேரும் வாலாஜா ஏரிக்கு விரால் பிடிக்கப் போவோம். பல வருஷப் பழக்கம்.

மழைக்காலம் முடிந்த சமயம், நான் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தேன். பாய் தனியாக ஏரிக்குப் போனார். கரையிலேயே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். வாத்து மேய்க்க வந்தவர்கள் பார்த்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. நடை மெல்லத் திரும்பியது. பேச்சு திக்கித் திக்கி வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை.

நோயாளியைப் பார்க்கப் போனால் நாமெல்லாம் என்ன கேட்கிறோம்? மாத்திரை போட்டாச்சா? பிரஷர் எவ்வளவு? உப்பைக் குறைத்தீர்களா? எல்லாவற்றுக்கும் பாய் தலையை ஆட்டுவார். கண் மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். ஒருநாள் நானும் அதே மாத்திரைக் கேள்வியைத்தான் கேட்டேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"சார்... இந்தக் கைக்கு... எந்த பிரேக்கு சரிப்படும்?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் வைத்திருப்பது பெய்ட்காஸ்டிங் ரீல். வீசியதும் நரம்பு, அதாவது தூண்டில் நூல், சுற்றிய உருளை கிறுகிறுவென்று சுழலும். தூண்டில் வேகம் குறைந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால், நரம்பு உள்ளேயே சிக்கிக் கூடு கட்டிவிடும். அதைத் தடுப்பது கட்டைவிரல். உருளைமேல் லேசாக வைத்து, சரியான நேரத்தில் அழுத்த வேண்டும். பாயின் வலது கட்டைவிரல் அதில் தேர்ந்தது. இடது கட்டைவிரலுக்கோ அந்தப் பழக்கமே கிடையாது.

ஆக, விரலால் முடியாததை பிரேக் செய்ய வேண்டும்.

அந்த பிரேக்கில் இரண்டு வகை உண்டு; இரண்டு வகை ரீலும் என்னிடம் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பாயின் மனைவி சபூரா படிக்கட்டில் வழிமறித்தார்.

"அண்ணே, என் மனுசன் அந்த ஏரிக்கரையில சேத்துல கெடந்தாரு. திரும்பவும் அங்கியே அனுப்பப் பாக்குறீங்களா?"

"மாடியோட சரிம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சென்ட்ரிஃபியூகல். உருளை வேகமாகச் சுற்றும்போது, உள்ளே இருக்கும் குட்டிக் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து உரசும். வீசிய வேகத்தில் நன்றாகப் பிடிக்கும். வேகம் குறையக் குறைய, பிடியை விட்டுவிடும். அதனால் தூரம் போகும். ஆனால் கடைசிக் கட்டம் முழுக்க விரலின் பொறுப்பு. பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் வீசினார். கொக்கிக்குப் பதிலாகக் கட்டியிருந்த ஈயக்குண்டு கைப்பிடிச் சுவர் வரை பறந்தது. ரீலில் கூடு. மறுபடியும் வீசினார். மறுபடியும் கூடு. கட்டைகளைக் கூட்டிக் குறைக்க மூடியைத் திறக்க வேண்டும். ஒற்றைக் கையால் அது நடக்காது. பாய் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வேணாம்... சார். மூட்டை... கட்டுங்க."

"இன்னொன்னு இருக்கு பாய்."

அது மேக்னெடிக். காந்தம் உருளையைத் தொடாமலே இழுத்துப் பிடிக்கும். தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் வேகம் தணிந்த பிறகும், கடைசி வரை, அதன் பிடி இருக்கும். வெளியே ஒரு திருகு, அவ்வளவுதான். பாய் அதைத் தானே இடது கட்டைவிரலால் திருப்பி, முழுசாக வைத்தார். வீசினார். குண்டு பாதி மாடிதான் போனது.

சிக்கவில்லை.

திருகைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடியும் வீசினார். கைப்பிடிச் சுவரில் டக்கென்று பட்டது. அப்போதும் சிக்கவில்லை. "பாய்!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீசியாயிற்று. சுற்றி இழுப்பது யார்? அதற்கு இன்னொரு கை வேண்டுமே... பிரேக்கையே ஆராய்ந்த எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

சபூரா படியிலிருந்து எழுந்து வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கமா சுத்தணும்?"

பாய் ரீலை அவர் பக்கம் சாய்த்தார். நான் சைகை காட்டினேன். குண்டு சிமெண்ட் தரையில் தடதடவென்று உருண்டு வந்து சேரும் வரை அந்த அம்மா சுற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தனியா மட்டும் அனுப்ப மாட்டேண்ணே. போனா நானும்தான் வருவேன்."

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கரையில் ஒரு நாற்காலி போட்டு பாயை உட்கார வைத்தோம். எதிர்க்காற்று. பாய் திருகை ஒரு சுற்று இறுக்கி, அல்லி இலைகளின் ஓரமாக, கொக்கி வைத்த ரப்பர் தவளையை வீசினார். சபூரா சுற்றினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தண்ணீர் வெடித்தது. நல்ல விரால். "சுத்து... சுத்து!" என்றார் பாய். அந்த அம்மா பதறிப்போய் கையை நிறுத்திவிட்டார். நரம்பு தொய்ந்தது. மீன் போய்விட்டது.

"என்னாலதான் போச்சு..." சபூராவின் கண் கலங்கிவிட்டது. "இத்தினி நேரம் காத்துக்கினு இருந்தீங்களே!"

பாய் அவர் கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"வுடு சபூரா... நாளைக்கு... புடிக்கலாம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், 'நாளைக்கு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.