ஷிப்ட் பார்த்துப் பூத்த நாற்காலிகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும், "ஸ்ரீதர் சார் வராரு, பேனாவக்கூட நேரா வெச்சிடு" என்பார்கள். ஃபேக்டரியில் ஒழுங்கு பார்ப்பதுதான் என் வேலை. பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மனிதர்கள் மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், தாண்டினால் மெமோ. உபயோகமில்லாத சாமான் கண்ணில் பட்டால் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவேன். முப்பது நாளைக்குள் யாராவது அந்த அட்டையில் 'தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தினமும் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் பெயரையும் எழுதிவிட்டால் சாமான் பிழைத்தது. இல்லாவிட்டால் பழைய இரும்பு லாரியில் ஏறிவிடும். இந்த விதியை எழுதியவனும் நான்தான், புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவனும் நான்தான். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு அட்டையில்கூட ஒருவரும் ஒரு எழுத்து எழுதியதில்லை.

ஞானம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஞானம்மா எங்கள் கம்பெனியில் தோட்ட வேலை பார்ப்பவர். கான்ட்ராக்ட் ஆள். வாலாஜாபாத் பக்கம் வீடு, ஐம்பதை ஒட்டிய வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. கணவர் எல்லப்பன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கம்பெனி தொடங்கிய வருஷம் களை பிடுங்க வந்த ஞானம்மா, பிறகு அங்கேயே இருந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கேயாவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கேன்டீன் பக்கத்துப் புல்தரையில் நாலு இரும்பு நாற்காலியும் ஒரு இரும்பு ஊஞ்சலும் கிடந்தன. வெளிநாட்டு அதிகாரிகள் வந்தால் அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் உட்காரக் கூடாது என்று போர்டு வைத்த மகானும் அடியேன்தான். மழையிலும் வெயிலிலும் கிடந்து நாற்காலிகளின் நடுப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்துபோனது. ஊஞ்சலில் பலகை போய்ச் சட்டம் மட்டும் நின்றது. செப்டம்பர் முதல் தேதி ஐந்துக்கும் சிவப்பு அட்டை கட்டினேன்.

அதே வாரம் மேலிடத்திலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. புல்தரையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்களாம். அதற்குத் தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், ஆளும் வேண்டாம். அக்டோபர் ஒன்றிலிருந்து ஞானம்மாவுக்கு வேலை கிடையாது. அதைச் சொல்லும் பாவமும் என் தலையில்தான் விழுந்தது.

"இந்த முட்டிய வெச்சிக்கினு வேற எங்க சார் என்னை சேத்துப்பாங்க?" என்று கேட்டார்.

"நான் இன்னாம்மா பண்றது? மேல முடிவு பண்ணிட்டாங்க."

அவர் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். "அதுவரிக்கும் இதுங்கள நான் வெச்சிக்கட்டா சார்? சும்மாதான நிக்குது."

"லாரி வர்ற அன்னிக்கு அஞ்சும் இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே செங்கல் துண்டால் துருவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். கோடு போட்டு மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை என்னிடம் கேட்டு வாங்கி நாற்காலிகளுக்கு அடித்தார். ஓட்டையாகக் கிடந்த நடுப்பாகத்தில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு, மண் நிரப்பி, இரண்டில் பத்துமணிப் பூவும் இரண்டில் அந்திமந்தாரையும் வைத்தார். வீட்டில் பெயின்ட் டிரம்மில் வளர்த்த பவழமல்லி மரம் எல்லப்பனின் ஆட்டோவில் வந்து இறங்கியது. செக்யூரிட்டி எனக்குப் போன் போட்டு, "சார், மரம் ஒண்ணு உள்ள வருது, எதுல என்ட்ரி போடறது?" என்றான். அந்த டிரம்மை ஊஞ்சல் சட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, கிளைகளை மேல்கம்பியில் சாய்த்துக் கட்டியிருந்தார்.

ஒரு நாள் போய், எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"இது ஏ ஷிப்ட்டு சார்" என்று பத்துமணிப் பூவைக் காட்டினார். "பத்து மணி டீக்கு வர்றவங்க பாப்பாங்க. அந்திமந்தாரை பி ஷிப்ட்டுக்கு. அஞ்சு மணி டீக்கு பூத்துக்கினு இருக்கும்."

"ஊஞ்சல்?"

"அது சி ஷிப்ட்டு. ராவெல்லாம் நின்னு வேலை பாக்குதுங்க அந்தப் பொண்ணுங்க. அதுங்க வர்றப்ப ஒரே இருட்டு, போறப்ப அந்திமந்தாரை வாடிப்பூடுது, பத்துமணி தொறக்கறதில்ல. அதுங்களுக்கோசரம் ஒரு பூவு வேணாமா சார்?"

பதில் தெரியாவிட்டால் குற்றம் கண்டுபிடிப்பது என் பழக்கம். கிளை, பஸ்ஸுக்குப் போகும் நடைபாதைக்கு மேலே நீண்டிருந்தது. வெட்டச் சொன்னேன்.

"வெட்டிடறேன் சார். அதுக்கு முன்ன ஒரு நாளு காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க."

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் வருவது எட்டரைக்கு. அதற்குள் நடைபாதையைப் பெருக்கிவிடுவார்கள். அங்கே ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

செப்டம்பர் முப்பதாம் தேதி ஆறரைக்கு லாரி வருவதாக இருந்தது. அட்டைகளைக் கழற்ற ஆறுக்கு முன்பே போய்விட்டேன். ஞானம்மாவும் அன்றைக்குச் சீக்கிரம் வந்து, தள்ளி ஒரு தூணோரம் நின்றிருந்தார். அவருக்குக் கடைசி நாள்.

கிளைக்குக் கீழே நடைபாதை முழுக்கப் பூ. கையகல இடம்கூட வெறுமையாக இல்லை. வெள்ளை இதழும் பவழக் காம்புமாக, ஈரத்தோடு, நான் அளந்து போட்ட இரண்டு மஞ்சள் கோட்டுக்கு நடுவில் நிறைந்து கிடந்தது. மேலிருந்து இன்னும் ஒன்றொன்றாக விழுந்துகொண்டே இருந்தது. அப்படி ஒன்றை அந்தக் கம்பெனிக்குள் நான் பார்த்ததே இல்லை. சைரன் ஒலித்தது. இரவு வேலை முடித்த பெண்கள் அறுபது பேர், கண் சிவந்து, வரிசையாக வந்தார்கள். பூ தொடங்கும் இடத்தில் முதல் பெண் நின்றாள். பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கி நடந்தாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே இறங்கினார்கள். ஒருத்தி கால்கூடப் பூவில் படவில்லை.

மெமோ புத்தகம் என் பையில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை.

தென்காசிப் பக்கத்துப் பெண் தங்கமாரி என்னருகே வந்தாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பூவ மிதிச்சிராதிய" என்றாள். நகர்ந்து நின்றேன்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு அட்டைகளைக் கழற்றப் போனேன். முதல் அட்டையைத் திருப்பினால், 'தேவை' என்று எழுதியிருந்தது. கீழே தங்கமாரி, நாச்சியார், சுகப்பிரியா என்று வரிசையாகக் கையெழுத்து. இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்கள். ஐந்து அட்டையிலும் அப்படித்தான். பொறுப்பாளர் என்ற இடத்தில் ஐந்திலும் ஒரே பெயர். கொட்டாவி விட்டவர்கள் என் பாடத்தை முழுசாகக் கேட்டிருக்கிறார்கள்.

லாரியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிளான்ட் மேனேஜர் புருஷோத்தமன் சார் வந்ததும் அட்டைகளை அவர் முன்னால் வைத்தேன்.

"அந்தம்மா கான்ட்ராக்ட் ஆச்சேப்பா" என்றார்.

"கான்ட்ராக்ட் ஆளு பொறுப்பாளரா இருக்கக் கூடாதுன்னு ரூல்ல இல்ல சார். பொறுப்பாளர் டெய்லி வரணும்னு இருக்கு."

"ரூல் எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பெயர்களைப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு ஐந்திலும் கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் புல்லை ஊஞ்சலுக்கு முன்னாலேயே நிறுத்திவிடச் சொன்னார்.

வெளியே வந்தேன். லாரி காலியாகத் திரும்பியிருந்தது. ஞானம்மா நாற்காலிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் எழுதிகீது அதுல? எனக்குப் படிக்கத் தெரியாது."

அறுபது பெயரையும் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார்.

"பொறுப்புன்னு யாரு பேர போட்டுகிறாங்க?"

"உங்க பேருதான்."

"அப்ப நாளிக்கும் நான் வரணுமா சார்?"

"நாளைக்கு மட்டும் இல்லம்மா. டெய்லி வரணும்."

குடத்தைக் கீழே வைத்தார். உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். நாலு நாற்காலியிலும் செடி இருந்தது. அதனால் பவழமல்லிக்கு அடியில், பூவை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.